டாட்ஜர்ஸ்தான் எப்பவும் ஜெயிக்குமா? பேஸ்பாலில் பணமும் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் 1 இரவு, டொராண்டோவில் உலகத் தொடரின், அதாவது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் இறுதித் தொடரின், ஏழாவது ஆட்டம். கோப்பைக்கு இரண்டே அவுட் தூரத்தில் நின்ற உள்ளூர் அணி ப்ளூ ஜேஸ், கடைசியில் 11ஆவது இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றது. மறுநாளிலிருந்து கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள், அதுவரை கிரிக்கெட் மட்டுமே பார்த்துவந்த நண்பர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே ஆதங்கம்: "காசு உள்ளவன்தான் ஜெயிக்கிறான்." தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கணக்கெல்லாம் அமெரிக்க மேஜர் லீக்கைப் பற்றியது.

1. சமநிலை, சமநிலைன்னு சொல்றாங்களே, எல்லா டீமும் சமமா ஜெயிக்கணும்னு அர்த்தமா?

இல்லை. 30 அணிகளும் 81 வெற்றி, 81 தோல்வி என்று முடித்தால் அதைப் பார்க்க யார் வருவார்கள்? சீசன் தொடங்கும் மார்ச் மாதத்தில் ஒரு ஊர் ரசிகர் "இந்த வருஷம் நமக்கும் ஒரு வழி இருக்கு" என்று மனசறிந்து சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம். ஒரு வருடம் முடியாவிட்டால் குறையில்லை. பத்து வருடம் தொடர்ந்து முடியாவிட்டால் அந்த ஊரைப் பொறுத்தவரை சமநிலை செத்துவிட்டது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 30 அணிகளும் அச்சு அசலாக ஒரே திறமை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது மாதிரி. அப்போதும் 162 ஆட்டம் முடிவில் பெரும்பாலான அணிகள் 68க்கும் 94க்கும் நடுவில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். அதிர்ஷ்டம் மட்டுமே அவ்வளவு வித்தியாசம் காட்டும். அதனால் 90 வெற்றி எடுத்த அணியைப் பார்த்ததும் "பணக்காரன்" என்றும், 72 எடுத்த அணியைப் பார்த்ததும் "பாவம்" என்றும் சொல்லிவிடாதீர்கள்.

2. டாட்ஜர்ஸ் காசைக் கொட்டி கோப்பையை வாங்கிட்டாங்க. அவ்வளவுதானே?

பாதி உண்மை. 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்குத்தான். அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற அணி, 1998 முதல் 2000 வரை மூன்று முறை வென்ற நியூயார்க் யாங்கீஸுக்குப் பிறகு இதுதான். அவர்கள் அளவுக்குச் சம்பளம் கொடுக்கும் அணியும் இன்று இல்லை.

மறுபாதியைப் பாருங்கள். 2025 வழக்கமான சீசனில் டாட்ஜர்ஸ் எடுத்தது 93 வெற்றி. 97 வெற்றியோடு முதலிடம் பிடித்தது மில்வாக்கீ ப்ரூவர்ஸ். அவர்களின் சம்பளச் செலவு டாட்ஜர்ஸ் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சீசனில் இரண்டு அணிகளும் ஆறு முறை மோதின; ஆறிலும் ப்ரூவர்ஸ். சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் அக்டோபர் பிளேஆஃப் சுற்றில் நாலு முறை மோதின, நாலிலும் டாட்ஜர்ஸ்! அப்புறம் அந்த ஏழாவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் உயிரைக் காப்பாற்றிய ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர் கோடிகோடியாக வாங்கும் நட்சத்திரம் இல்லை. அந்த அணியின் கணக்குக்குச் சில்லறைச் சம்பளம் வாங்கும் மிகேல் ரோஹாஸ். பெரிய தொகைக்கு வாங்கிய பந்துவீச்சாளர் பிளேக் ஸ்னெல் அந்தத் தொடரில் 1, 5 ஆட்டங்களைத் தொடங்கி இரண்டிலும் தோற்றார்.

3. எல்லாம் ஒரே லீக்தானே? ஒரு டீம் பணக்காரனாவும் இன்னொண்ணு ஏழையாவும் எப்படி ஆச்சு?

உள்ளூர் டிவி. ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் இதுதான். அமெரிக்கக் கால்பந்தில் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் தேசிய ஒளிபரப்பு. வரும் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பேஸ்பாலில் ஆளுக்கு 162 ஆட்டம். பெரும்பாலானவற்றை அந்தந்த வட்டாரச் சேனல்தான் காட்டும், பணமும் அந்தந்த அணிக்குத்தான் போகும். லாஸ் ஏஞ்சலஸில் எத்தனை வீடு, மில்வாக்கீயில் எத்தனை வீடு? 2013இல் டாட்ஜர்ஸ் போட்ட டிவி ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர். அந்த மாதிரி ஒரு காகிதத்தைச் சின்ன ஊர் அணிகள் கனவிலும் பார்க்க முடியாது.

போதாக்குறைக்கு, பல அணிகளின் ஆட்டங்களைக் காட்டிவந்த வட்டாரச் சேனல் நிறுவனம் ஒன்று 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. சின்ன அணிகளின் கொஞ்சநஞ்ச வருமானமும் ஆட்டம் கண்டது. இடைவெளி இன்னும் அகன்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

4. சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லையா?

இல்லை. அமெரிக்காவின் நாலு பெரிய விளையாட்டுகளில் பேஸ்பாலுக்கு மட்டும்தான் இல்லை. அதற்குப் பதில் 'சொகுசு வரி' என்று எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு. அதிகாரபூர்வப் பெயர் என்னவோ 'போட்டிச் சமநிலை வரி'. 2025இல் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு எல்லைக்கோடு 24.1 கோடி டாலர். அதைத் தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருடம் தாண்டினால் 30, மூன்றாவது வருடம் 50. ரொம்பத் தாண்டினால் மேல்வரி வேறு. எல்லைக்கு 6 கோடி மேலே போய்விட்டால் 60 சதவீதம் கூடும்.

டாட்ஜர்ஸ் நிலைமை இதுதான்: வருடாவருடம் தாண்டுகிறார்கள், வெகுதூரம் தாண்டுகிறார்கள். கடைசியாகச் சேர்க்கும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. ஒரு கோடி டாலர் வீரர் ஒருவரை எடுத்தால் உண்மைச் செலவு 2.1 கோடி. 2025க்கு அவர்கள் கட்டிய வரி மட்டும் ஏறக்குறைய 17 கோடி டாலர். வரி கட்டுவதையே செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும் அளவுக்கு வருமானம் இருப்பவரை வரி தடுக்காது. ஆனால் நடுத்தர அணிகளை நன்றாகவே தடுக்கிறது. அவர்கள் அந்தக் கோட்டைக் கண்டதும் பிரேக் போடுகிறார்கள். வரியின் விசித்திரமே இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

5. அந்த வரிப்பணம் ஏழை டீமுக்குப் போகுதுல்ல?

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு. ஏழை அணிகளைத் தாங்கிப்பிடிப்பது அந்த வரி இல்லை, வருமானப் பகிர்வு என்ற வேறு ஏற்பாடு. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் குடத்தில் ஊற்றும். குடத்தில் சேர்ந்ததை 30 பேரும் சமமாக மொண்டுகொள்வார்கள். நிறைய ஊற்றிய யாங்கீஸுக்கு நஷ்டம், கொஞ்சம் ஊற்றிய பிட்ஸ்பர்க்குக்கு லாபம்.

6. அப்படி வாங்குற காசை அவங்க வீரர்களுக்குத்தான் செலவு பண்ணணுமா?

ஆட்டத்தை மேம்படுத்தச் செலவழிக்க வேண்டும் என்று அணிகளும் வீரர்கள் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் 'மேம்படுத்த' என்ற சொல்லுக்குள் ஒரு யானையே நுழையலாம். 2018இல் மயாமி, ஓக்லண்ட், பிட்ஸ்பர்க், டாம்பா பே ஆகிய நான்கு அணிகள் பகிர்வுப் பணத்தை ஒழுங்காகச் செலவழிக்கவில்லை என்று வீரர்கள் சங்கம் முறையீடு செய்தது. இவ்வளவாவது சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்ற கீழ்வரம்பு பேஸ்பாலில் இல்லை.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 1993 முதல் 2012 வரை 20 வருடம் தொடர்ந்து தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய அணி. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளில் அதற்கு இணை கிடையாது. 1993இல் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போகும்வரை ஒரு நல்ல சீசன் பார்க்கவில்லை. மேலே இருப்பவன் அதிகம் செலவழிப்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. கீழே இருப்பவன் செலவழிக்கவே மறுப்பது அதைவிடப் பெரிய வியாதி என்று நான் நினைக்கிறேன்.

7. அந்தக் காலத்துல இந்தக் காசு விளையாட்டெல்லாம் இல்லையே, நல்லா இருந்திருக்குமே?

அந்தக் காலம் இன்னும் மோசம். 1949 முதல் 1964 வரை 16 வருடத்தில் 14 முறை அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) பட்டம் யாங்கீஸுக்கு. அதில் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து உலகக் கோப்பை. மற்ற ஊர்க்காரர்கள் இரண்டாமிடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

அதற்கும் முன்னால் போனால் 1899 கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் கதை. ராபிசன் சகோதரர்கள் கிளீவ்லாண்ட், செயின்ட் லூயிஸ் என்று இரண்டு அணிகளையும் வைத்திருந்தார்கள். செயின்ட் லூயிஸில் கூட்டம் வரும் என்று சை யங் உட்பட நல்ல வீரர்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஸ்பைடர்ஸ் 20 ஆட்டம் வென்று 134 தோற்றது. அந்த வருடத்தோடு அணியே போய்விட்டது.

8. வீரர்கள் இஷ்டத்துக்கு டீம் மாற ஆரம்பிச்சதுல இருந்துதானே கெட்டுப்போச்சு?

அணி முதலாளிகள் நூறு வருடமாகச் சொன்னதும் இதையேதான். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரை அணி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. அது இல்லாவிட்டால் நல்லவர்கள் எல்லாம் பெரிய ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்றார்கள். சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளாதார நிபுணர் 1956லேயே இதை மறுத்து எழுதினார். வீரரைக் கட்டிவைத்தாலும், சின்ன ஊர் முதலாளி அவரைப் பெரிய ஊருக்கு விற்கத்தான் போகிறார். வீரர் எங்கே போய்ச் சேருகிறார் என்பது மாறாது. காசு யார் பைக்குப் போகிறது என்பதுதான் மாறும். அவர் வாதத்தின் சாரம் இது.

கர்ட் ஃப்ளட் என்ற வீரர் அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் தோற்றார். 1975 டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பு விதியை உடைத்தது. அதன் பிறகு என்ன ஆனது? 1978 முதல் 1987 வரை பத்து வருடத்தில் பத்து வெவ்வேறு சாம்பியன்கள். பிட்ஸ்பர்க்கும் உண்டு, கான்சாஸ் சிட்டியும் உண்டு, மினசோட்டாவும் உண்டு. 7ஆம் கேள்வியின் பதிலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. மோசமா தோத்தா நல்ல வீரர் கிடைப்பாராமே? அது எப்படி?

டிராஃப்ட். பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, 1965இல் வந்தது. கடைசியில் வந்த அணிக்கு முன்னுரிமை. நோக்கம் நல்லது. ஆனால் 'அரைகுறையாகத் தோற்பதைவிட அடியோடு தோற்பது லாபம்' என்று சிலர் கணக்குப் போட்டார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013இல் முறையே 106, 107, 111 ஆட்டம் தோற்றது. 2012இல் முதல் தேர்வாக கார்லோஸ் கொரேயாவை எடுத்தது. 2017இல் கோப்பை வென்றது. (எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியதும் அதே 2017இல்தான் என்பது தனிக் கதை.)

இப்போது முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. வருமானப் பகிர்வில் கொடுக்கும் பக்கம் இருக்கும் அணி, அடுத்தடுத்து இரண்டு வருடம் குலுக்கலில் இடம் பெறவும் முடியாது. 2024இல் 121 தோல்வி என்று நவீன காலத்தின் மிக மோசமான சாதனை படைத்த சிகாகோ வைட் சாக்ஸுக்கு, இந்த விதியால் அடுத்த டிராஃப்டில் பத்தாவது இடம்தான் கிடைத்தது.

10. ஓடானிக்கு 70 கோடி டாலர்னா அந்த வரி எங்கேயோ போயிருக்கணுமே?

இங்கேதான் கைவேலை. டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானியோடு 2023 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு 70 கோடி. ஆனால் ஆடும் காலத்தில் அவர் கையில் வாங்குவது வருடத்துக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல், வருடத்துக்கு 6.8 கோடியாகக் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு அல்லவா? அதனால் வரிக் கணக்கில் அவர் சம்பளம் 7 கோடி இல்லை, சுமார் 4.6 கோடி.

ஏமாற்றா என்று கேட்டால், இல்லை. விதியில் எல்லா அணிக்கும் இடம் உண்டு. ஆனால் பின்னால் வரப்போகும் அந்தச் சுமைக்கு இப்போதே பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். அதோடு ஓடானியை வைத்து ஜப்பானிய விளம்பரங்களில் சம்பாதிக்கவும் தெரிய வேண்டும். அதனால் 'எல்லோருக்கும் திறந்த கதவு' என்பது காகிதத்தில்தான்.

11. அப்போ சின்ன டீம் ஜெயிக்கவே முடியாதா? ப்ரூவர்ஸ் எப்படி 97 எடுத்தாங்க?

வீரரின் முதல் ஆறு வருடம்தான் ரகசியம். மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடிந்த பிறகே ஒருவர் விரும்பிய அணிக்குப் போகலாம். அதில் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். உடம்பில் வேகம் உச்சத்தில் இருக்கும் வயதும் ஏறக்குறைய அதுவே. இளம் வீரர்களைச் சரியாகக் கண்டுபிடித்து வளர்க்கத் தெரிந்த அணி, மலிவாக நல்ல அணி கட்டலாம். 2002இல் ஓக்லண்ட் சுமார் 4 கோடி டாலரில் 103 வெற்றி எடுத்தது. யாங்கீஸ் அதைப் போல மூன்று மடங்கு செலவழித்து எடுத்ததும் 103தான்.

விலை பிறகு வருகிறது. டாம்பா பே ரேஸ் 2020இல் உலகத் தொடர் வரை போனது. தோற்ற இரண்டே மாதத்தில் தன் முதன்மைப் பந்துவீச்சாளரை சான் டியகோவுக்கு அனுப்பிவிட்டது. யார் தெரியுமா? 2ஆம் கேள்வியில் வந்த அதே பிளேக் ஸ்னெல். ரேஸ் வளர்த்தது, அங்கே இங்கே சுற்றி கடைசியில் டாட்ஜர்ஸ் சட்டை போட்டது. சின்ன அணி ரசிகருக்கு ஒரு வீரரின் பெயர் பொறித்த சட்டை வாங்கவே பயம்.

12. 2001ல இருந்து 25 வருஷத்துல 16 வேற வேற சாம்பியன்னு போட்டிருக்கான். பிரச்சினையே இல்லன்னுதானே அர்த்தம்?

எண் சரி, முடிவு தவறு. அக்டோபர் பிளேஆஃப் குறுகிய தொடர். அங்கே நல்ல அணி தோற்பது சகஜம். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 வெற்றி எடுத்தும் உலகத் தொடருக்கே போகவில்லை. 11ஆம் பதிலில் சொன்ன 103 வெற்றி அணிகள் இரண்டுமே 2002இல் முதல் சுற்றில் வீட்டுக்குப் போயின. 2022 முதல் பிளேஆஃபில் 12 அணிகள், அதாவது இன்னும் அதிகச் சீட்டு போட்ட குலுக்கல். அந்த ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் வெற்றி ரன் ஹோம் பிளேட்டில் (ரன் எடுக்கத் தொட வேண்டிய இடம்) அவுட்டானது சில அங்குல வித்தியாசத்தில். அந்த அங்குலத்துக்கும் சம்பளப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே கோப்பையை யார் வென்றார் என்று எண்ணாதீர்கள். குலுக்கலுக்குச் சீட்டு யாருக்கு வருடாவருடம் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். டாட்ஜர்ஸ் 2013இலிருந்து ஒரு வருடம்கூட பிளேஆஃபைத் தவறவிடவில்லை. பணம் வாங்கித் தருவது கோப்பையை அல்ல, அந்தச் சீட்டை. அதுவும் கெட்டிக்காரன் கையில் இருந்தால்தான்: 2023இல் நியூயார்க் மெட்ஸ் 10 கோடி டாலருக்கு மேல் வரியே கட்டி, 75 ஆட்டம் வென்று, பிளேஆஃபை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

13. ஐபிஎல் மாதிரி எல்லாருக்கும் ஒரே பர்ஸ், ஏலம்னு வெச்சா முடிஞ்சுதே?

2025 ஐபிஎல்லுக்கு எல்லா அணிக்கும் ஒரே 120 கோடி ரூபாய். இத்தனை வருட ஏலத்துக்குப் பிறகு சென்னைக்கும் மும்பைக்கும் தலா ஐந்து கோப்பை, பஞ்சாபுக்கு ஒன்றுமில்லை. பர்ஸ் ஒன்றானால் புத்தியும் ஒன்றாகிவிடாது. அதுபோக, மேஜர் லீக் வீரர்களின் சங்கம் உலகத்திலேயே வலுவான தொழிற்சங்கங்களில் ஒன்று. "உங்களை ஏலம் விடுகிறோம்" என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

14. சரி, உச்சவரம்பு கொண்டுவர்றாங்களா இல்லையா?

முதலாளிகளுக்கு ஆசை நெடுநாளாக உண்டு. 1994இல் அதைத் திணிக்கப் பார்த்தபோது வீரர்கள் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. அப்போது 74-40 என்று எல்லோரையும்விட முன்னால் இருந்தது மான்ட்ரியால் எக்ஸ்போஸ், அதுவும் சின்னச் சம்பளப் பட்டியலோடு. சமநிலைக்காக என்று சொல்லித் தொடங்கிய சண்டையில் முதலில் அடிபட்டது அந்தச் சின்ன அணிதான். பிறகு அது எழவே இல்லை. 2005இல் வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

வீரர்கள் சங்கத்தோடு இருக்கும் இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது, சண்டை மறுபடி இதே புள்ளியில்தான் வரும். மேல்வரம்பு மட்டும் வைத்தால் மிச்சமாகும் பணம் முதலாளி பைக்குத்தான் போகும். கீழ்வரம்பும், வருமானத்தில் வீரர்களுக்கு உறுதியான பங்கும், உள்ளூர் டிவி பணத்தில் இன்னும் அதிகப் பகிர்வும் சேர்ந்து வந்தால்தான் 6ஆம் கேள்வியின் வியாதிக்கு மருந்து. கடைசியில் சொன்ன பகிர்வு என்றால் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் கஷ்டமே.

15. எப்படியோ, ஏழை ப்ளூ ஜேஸை பணக்கார டாட்ஜர்ஸ் அடிச்சுட்டாங்க. அநியாயம்தானே?

சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ப்ளூ ஜேஸ் ஏழை இல்லை. முதலாளி ரோஜர்ஸ் நிறுவனம். மைதானமும் அவர்களுடையது, ஆட்டத்தைக் காட்டும் சேனலும் அவர்களுடையது. ஒரு நகரம் இல்லை, கனடா முழுவதும் அவர்களுடைய சந்தை. 2025இல் அவர்கள் சம்பளமும் எல்லைக்கோட்டைத் தாண்டியதுதான்.

உலகத் தொடருக்கு அவர்கள் போனதே சியாட்டிலை ஏழாவது ஆட்டத்தில் வென்றுதான். ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது, மூன்று ரன் ஹோம் ரன் அடித்துத் திருப்பியவர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். 2021இல் 15 கோடி டாலருக்கு டொராண்டோ எடுத்தவர். அப்போது அந்த அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் அது. டொராண்டோவும் சியாட்டிலும் 1977இல் ஒன்றாக லீக்கில் நுழைந்த அணிகள். டொராண்டோவிடம் 1992, 1993 என்று இரண்டு கோப்பை இருக்கிறது. 30 அணிகளில் இன்றுவரை உலகத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடாதது சியாட்டில் மட்டும்தான். ஸ்பிரிங்கர் மட்டையைச் சுழற்றியபோது சியாட்டிலுக்கு உலகத் தொடரை எட்ட இன்னும் எட்டு அவுட் பாக்கி இருந்தது.